புகாரைத் திரும்பப் பெறுதல்

முதல் தும்மலுக்கு நூறு என்பார்கள்
இரண்டாவதற்கு இருநூறு
ஆறு தாண்டினால் யாரும் எண்ணுவதில்லை.
எனக்குப் பதினேழில் நிற்கும்
காலை ஐந்தே முக்காலுக்கு
பால் பாக்கெட் விழும் சத்தத்துக்குச் சற்று முன்.
கீழ்வீட்டு தேவசகாயம்
அலாரம் வைப்பதை எப்போதோ விட்டுவிட்டார்.

வடபழனியில் ஒரு கண்ணாடி அறைக்குள்
பிறர் வாய்க்குக் குரல் கொடுப்பது என் பிழைப்பு.
மாசி பிறந்தால் அழுகைக் காட்சிக்கு மட்டும் கூப்பிடுவார்கள்.
'மூக்கு அப்படியே இருக்கட்டும் மேடம்' என்பான்
ஒலிப்பதிவு பரிதி.
மூன்று சீரியலில் மூன்று மாமியார்களிடம்
இந்த ஒரே மூக்கால் அழுதிருக்கிறேன்.
சிரிக்கிற பெண்ணுக்கு வேறு ஆள்.

குற்றவாளி யாரென்று எனக்குத் தெரியும்.
எதிரிலேயே நின்றது, பெருங்கொன்றை.
சித்திரையில் தெரு மஞ்சள்
ஸ்கூட்டி சீட் மஞ்சள்
கொடியில் காயும் பாவாடையில் மஞ்சள்.
இதற்கு மேல் என்ன சாட்சி?
மாநகராட்சிக்கு எழுதினேன்: வெட்டவும்,
முடியாவிட்டால் பாதியாவது கழிக்கவும்.
புகார் எண் செல்பேசிக்கு வந்தது.

கீழ்ப்பாக்கம் டாக்டர் மெஹராஜ் பேகம்
ஒரு வாரம் செட்ரிசின் தொடக்கூடாது என்றார்.
அந்த வாரத்தைப் பற்றி எழுதப்போவதில்லை.
எட்டாம் நாள் முன்கையில் பேனாவால் கட்டம் போட்டு
ஊரையே சொட்டுச் சொட்டாக வைத்தாள் நர்ஸ்:
கரப்பான், பூனை, சோளம், சீமைக்கருவேலம்,
தலையணைத் தூசியில் குடியிருக்கும் உண்ணி,
நான் கேட்டுச் சேர்த்த பெருங்கொன்றை.
ஒவ்வொன்றிலும் ஊசிமுனையால் ஒரு தொடல்.
கால் மணி நேரம் சொறியக்கூடாது.
சொறியாமல் இருந்தது என் வாழ்நாள் சாதனை.

உண்ணிக்கு எட்டு மில்லிமீட்டர்.
பெருங்கொன்றைக்கு வெறும் தோல்.
பதினொன்றாம் கட்டம்
தேள் கொட்டினதுபோல் பருத்து நின்றது.
'பதினொண்ணு என்ன?'
'அருகம்புல்.'

சதுர்த்திக்குச் சதுர்த்தி
கட்டு பதினைந்து ரூபாய்க்கு வாங்கி
என் கையால் தொடுத்துப் போடுகிறேனே, அது.
அவ்வளவு நீள மூக்கை வைத்துக்கொண்டு
கழுத்து நிறைய அணிந்தும்
அவர் ஒருமுறைகூடத் தும்மியதில்லை.
பின்னால் கோர்ட்டில் கிடக்கும் மூன்று கிரவுண்டில்
முழங்கால் உயரம் பூத்திருக்கிறது.
பூ என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டீர்கள்.
'அழகா பூக்கறது வண்டுக்குக் காத்திருக்கும்,
இது காத்துல விட்டுடும்'
என்றார் டாக்டர், சீட்டிலிருந்து தலை தூக்காமல்.

இப்போதெல்லாம் பத்து மணிக்குப் பிறகே ஜன்னல்.
தலையணை உறை வாரம் ஒருமுறை கொதிநீரில்.
காய்ச்சி ஆறிய நீரில் உப்புக் கரைத்து
தலை சாய்த்து ஒரு துவாரத்தில் விட்டால்
மறு துவாரத்தில் கூவம் வருகிறது.
ஸ்பிரே, வலக்கையால் இடமூக்கில், காதைப் பார்த்து.
நடுச்சுவரைப் பார்த்து அடித்தால் ரத்தம். அடித்திருக்கிறேன்.
பத்து நாள் ஒன்றும் தெரியாது, அதற்காக விடாதே என்றார்.
விட்டேன். திட்டு வாங்கி மறுபடி தொடங்கினேன்.
நாக்கடியில் தினம் சொட்டு, மூன்று வருடம்.
சொட்டில் இருப்பதும் அருகம்புல்தான்.
பகையாளியை வீட்டுக்குக் கூப்பிட்டு
முதல் மாதம் வாசலில் நிறுத்தி
அடுத்த மாதம் தண்ணீர் கொடுத்து.
பிள்ளையாரிடம் சொல்லிவிட்டேன், இனி எருக்கு மட்டும்.

மறந்தே போயிருந்தேன்.
ஒரு செவ்வாய்க்கிழமை கயிறும் ரம்பமுமாக வந்துவிட்டார்கள்.
'நிறுத்துங்க, அது இல்ல!'
'கம்ப்ளைண்ட் குடுத்தது நீங்கதானே?'
'நான்தான்.'
காரணம் என்ற இடத்தில்
ஆள் மாறிவிட்டது என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
அதற்குள் ஒரு கிளை கீழே கிடந்தது.
பூங்கொத்தை முகத்தருகே கொண்டுபோனேன்.
பதினொரு வருடம் எதிர்வீட்டில் இருந்து
இதற்கு ஒரு வாசனை உண்டென்று
யாரும் சொல்லவில்லை.

மரத்தூள் பறந்து
ரம்பக்காரர்தான் தும்மினார், மூன்று முறை.
முந்நூறு என்றேன்.